ஐந்தருவி வரிசையில் ஓர் ஆராய்ச்சி

இன்று காலை தென்காசி கோயில் வாசலருகே ஒரு தள்ளுவண்டி நிறைய மங்குஸ்தான் வந்திருந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பழத்தை அழுத்திப் பிளந்தேன், விரலெல்லாம் ஊதா. வண்டிக்காரர் பார்க்கப் பார்க்க நான் பாட்டுக்குச் சிரித்தேன். உன் வெள்ளைச் சுடிதார் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கறையோடுதானே கருத்தரங்க மேடை ஏறினாய்! மாற்றிக்கொண்டு வா என்றதற்கு, "களப்பணிக்கு இதுதாம்ட்டி அத்தாட்சி" என்றாய்.

நீ போன புதிதில், உன்னை நினைத்தாலே அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இப்போதெல்லாம் சிரிப்புதான் முந்திக்கொள்கிறது.

நாம் இருவரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி அது. தேர்தலில் தோற்றவர்கள் முடிவை நம்ப மறுத்தால் ஜனநாயகம் எப்படி ஆட்டம் காண்கிறது, போன நம்பிக்கையை எப்படி மீட்பது என்பதுதான் கேள்வி. எங்கெங்கோ இருக்கும் நாடுகளைப் பற்றி அடுக்கடுக்காகப் படித்துக்கொண்டிருந்தோம். நீதான் என்னை நம் மாவட்டத்துத் திருவேங்கடம் ஊர்ப் பக்கத்தில் உனக்குத் தெரிந்த ஒரு கிராமத்துக்கு இழுத்துப் போனாய். அங்கே பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் மாரியம்மாள் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். எதிர்த்து நின்றவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற செல்லையா. எண்ணிக்கையில் தப்பு நடந்துவிட்டது என்று அவர் திடமாக நம்பினார். அவரும் அவர் தெருக்காரர்களும் கிராம சபைப் பக்கமே தலைகாட்டவில்லை. அதனால் அந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்கவும் ஆளில்லை. கோடை முழுக்க அங்குள்ள பெண்கள் குடத்தோடு நெடுந்தூரம் நடந்தார்கள்.

இரண்டு தரப்பையும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துப் பார்த்தோமே. ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். "பஞ்சாயத்து மேல எவ்வளவு நம்பிக்கை? ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்க" என்று நான் கேட்டதும் செல்லையா எழுந்தே போய்விட்டார். எனக்கு எல்லாம் வெறுத்துவிட்டது. நீ மட்டும் அசரவில்லை.

"ஏட்டி, குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சுட்டு. எல்லாரையும் ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போவோம்."

"ஆய்வு முறைன்னு என்னத்தை எழுத?"

"குழுக் கலந்துரையாடல்னு எழுது. குளிச்சுக்கிட்டே கலந்துரையாடக் கூடாதுன்னு எங்கன போட்டிருக்கு?"

வேனில் வலப்பக்கம் ஒரு கட்சி, இடப்பக்கம் ஒரு கட்சி. நடுவில் நீ, வழியெல்லாம் முறுக்கை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டே வந்தாய். அருவியில் நல்ல தண்ணீர், அதைவிட நல்ல கூட்டம். போகிறவர்களும் வருகிறவர்களும் முட்டிக்கொண்டு, பிள்ளைகள் நசுங்கி அழுதன. செல்லையா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கிளம்பியது பட்டாளத்துக் குரல்.

"ஏலே, நீ எங்கன நுழையுத? பின்னால போ! பிள்ள வச்சிருக்கவங்க முதல்ல!"

முன்பின் தெரியாத கூட்டம் அப்படியே வரிசைக்கு வந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒத்தாசைக்கு ஆள் கிடைத்த நிம்மதியில் சிரித்தார். அந்த நேரம் பார்த்து, குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த மாரியம்மாள் நேரே செல்லையா முன்னால் போய் நின்றார். நீ என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

"அண்ணாச்சி, இந்த அதட்டலை ஊருல வந்து போடக் கூடாதா? நான் ஒத்தையில கிடந்து மாரடிக்கேன்."

அவர் துண்டைப் பிழிந்தார். "நீ ஜெயிச்சது நிசந்தானான்னு எனக்கு இன்னும் தெரியலையே தாயி."

"நான் தோத்திருந்தா எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கோர்ட்டுக்குப் போணும்னா போங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா உங்க தெருவுக்குக் குழாய் ஏன் வரலைன்னு சபைக்கு வந்து கேளுங்க. பதில் சொல்லுதேன்."

அவர் துண்டை மறுபடியும் பிழிந்தார். நீ சும்மா இருப்பாயா? ஒரு மங்குஸ்தானை அவர் கையில் வைத்தாய். ராணுவப் பிடியில் அது வெடித்து, சாறு முழுவதும் உன் மேல். முதலில் சிரித்தது மாரியம்மாள். அப்புறம் அவர்.

அடுத்த கிராம சபைக்கு செல்லையா வந்தார். தெருவே பின்னால் வந்தது. மத்தியானம் முழுக்கக் கேள்விதான். சிலவற்றுக்கு மாரியம்மாள் பதில் சொன்னார். சிலவற்றுக்கு, "தெரியல அண்ணாச்சி, விசாரிச்சுட்டு வந்து சொல்லுதேன்" என்றார். சொன்னபடியே தெருவுக்குப் போய்ச் சொல்லவும் செய்தார். மறு கோடைக்குள் குழாயில் தண்ணீர் வந்தது. எண்ணிக்கை விஷயத்தில் மட்டும் செல்லையா கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒரு சபையைக்கூடத் தவறவிடவில்லை.

கருத்தரங்கில் ஒரு பேராசிரியர், நம்பிக்கை திரும்பிவிட்டது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். நீ யோசிக்கவே இல்லை. "கோபப்பட்டுப் போனவங்க திரும்பி வந்து கேள்வி கேக்காங்க சார். பதில் வரும்னு நினைக்கவங்கதானே கேப்பாங்க?" அரங்கம் கை தட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நோயில் படுத்த பிறகும் மருத்துவரைக் கேள்வியால் துளைத்தாய். அவரும் உன் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பதில் சொன்னார்.

இப்போது என்னிடம் மாணவர்கள் இருக்கிறார்கள். ஊர் ஊராகப் போகிறோம். கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு, "நீங்க எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். அது உன் பழக்கம், என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. போன வாரம் ஒரு பெண், களை பறித்த கையைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்: "இம்புட்டுக் கேட்டுட்டுப் போறியளே, திரும்பி வருவியளா?"

மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

வருவோம் என்றேன். நாளைக்குக் காலையில் அந்த ஊருக்கே கிளம்புகிறோம்.