நான் பார்க்காத இலை

பிப்ரவரி 3, செவ்வாய்

பத்தாம் வகுப்பின் செய்முறை நோட்டுகளைத் திருத்தி முடித்தேன். இருபத்தெட்டு நோட்டிலும் ஒரே முடிவு. இலை மேல் அயோடின் ஊற்றினோம், கருநீலம் வந்தது, ஆகவே மாவுச்சத்து இருக்கிறது. நல்லது. ஆனால் போன வாரம் முழுக்க ஆய்வகத்தில் அயோடின் பாட்டில் காலி! பாதிப் பேர் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார்கள். தண்ணீருக்கே கருநீலம் வந்திருக்கிறது, என்ன அதிசயமோ.

கேட்டால், "புக்குல அப்படித்தானே டீச்சர் போட்டிருக்கு?" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிப்ரவரி 4, புதன்

தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். இனி முடிவைச் சொல்லி எழுத வைக்க மாட்டேன், பிள்ளைகளே சோதனையைத் திட்டமிட்டு, பார்த்ததை எழுதட்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"பொதுத் தேர்வு வாசல்ல நிக்குதும்மா. சரி, திங்கக்கிழமை ஒரு மாதிரித் தேர்வு வை. பாதிப் பேராவது தேறினா உன் இஷ்டம். இல்லன்னா பேசாம பழையபடி நோட்ஸ் குடுத்துடணும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ?

பிப்ரவரி 6, வெள்ளி

என் மூளையை நானே மெச்சிக்கொள்கிறேன். ஆய்வகத்துத் தொட்டிச் செம்பருத்தியை மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். இரண்டு மூன்று நாள் இருட்டில் இருந்தால் இலையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைச் செடியே செலவழித்துவிடும். அயோடின் ஊற்றினால் பழுப்புதான் நிற்கும். புத்தகத்தை நம்பி எழுதுகிறவர்கள் கருநீலம் என்பார்கள், கண்ணை நம்பி எழுதுகிறவர்கள் பழுப்பு என்பார்கள். பாதிப் பேராவது பார்ப்பார்கள். வாரம் முழுக்கத் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேனே.

வீட்டில் சொன்னேன். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்றார் என் கணவர்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று அவர் சமையல். தட்டில் விழுந்ததுமே "உப்பு கம்மி" என்றேன். "வாயில வெக்காமலே குறை சொல்ற ஒரே ஆள் நீதான்" என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

மாதிரித் தேர்வு. இலைகளைச் சுடுநீரில் போட்டு, ஸ்பிரிட்டில் பச்சையை இறக்கி, வெளுத்த இலையை ஆளுக்கொன்றாகத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். இனி அயோடின் ஊற்றுவது அவர்கள் பாடு. என் முகத்துக்கு ரகசியம் காக்கத் தெரியாது. விடையைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தெருவில் போன வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மணி அடிப்பதற்குள் தட்டுகளையும் கழுவி வைத்துவிட்டார்கள்.

மாலையில் திருத்தினேன். இருபத்தாறு பேர் கருநீலம். கடைசி பெஞ்சு இரட்டையர் இருவர் மட்டும் பழுப்பு. அந்த இரண்டு வாலுகளா! இருபத்தாறு முட்டை போட்டேன். போடும்போதே அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 10, செவ்வாய்

"அடுத்த வாரத்துல இருந்து நோட்ஸ்" என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியை. அந்தக் கோபத்தை வகுப்பில் கொட்டினேன். மூன்று நாள் இருட்டில் கிடந்த செடிக்குக் கருநீலம் எங்கிருந்து வரும், கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்களா என்று கத்தினேன்.

கேள்விக்குறி எழுந்தாள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் ஆசிரியர் அறையில் அவளுக்கு அந்தப் பெயர்.

"டீச்சர், நீங்க இலையப் பாத்தீங்களா?"

உட்காரு என்றேன்.

மதியம் நோட்டோடு வந்து நின்றாள். உள்ளே அவளுடைய இலை, கன்னங்கரேலென்று. நானா விடுவேன்? காகிதத்திலும் மாவுச்சத்து இருக்கும், அயோடின் பட்டால் அதுவும் கறுக்கும் என்றேன்.

"சரி டீச்சர். அப்போ அலமாரியில இருக்கற செடியோட மண்ணு ஏன் ஈரமா இருக்கு?"

அலமாரியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். நகம் முழுக்க ஈரமண். வெள்ளிக்கிழமை முதல் நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

யாரோ வெளியே எடுத்திருக்கிறார்கள். இலை கறுத்துத்தான் இருக்கிறது. ஐயோ, நான் பார்க்கவே இல்லையே! முடிவை முன்பே மனதில் எழுதி வைத்துவிட்டு, அதைக்கொண்டே பிள்ளைகளுக்கு முட்டை போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன். பிடுங்கித் தின்பார்கள் என்று நினைத்தேன், கைதட்டினார்கள். இரட்டையரில் ஒருவன் சொன்னான், "நீங்க ஏதாவது கண்ணி வெப்பீங்கன்னு தெரியும் டீச்சர். அதான் பாக்காமலே பழுப்புன்னு போட்டுட்டோம்." ஆக முழு மதிப்பெண் வாங்கிய இருவரும் பார்க்கவில்லை, போட்ட நானும் பார்க்கவில்லை!

அப்படியானால் இருபத்தாறு பேருக்கும் முழு மதிப்பெண்ணா என்று கேட்டேன். கேள்விக்குறி விடவில்லை. "இலையப் பாத்தவங்களும் கருநீலம், புக்கப் பாத்தவங்களும் கருநீலம். யாரு எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

சரியான அடி. சோதனையைத் திட்டமிடத் தெரியாதது எனக்குத்தான்.

இப்போது அவர்களே திட்டமிட்டார்கள். ஒரே அளவில் இரண்டு செடி. ஒன்று அதே மர அலமாரியில், இன்னொன்று தலைமையாசிரியையின் இரும்பு அலமாரியில், பூட்டி. இரண்டு கதவுக்கும் நூல், யார் திறந்தாலும் முடிச்சு காட்டிக் கொடுத்துவிடும். திங்களன்று யாருக்கு எந்தச் செடியின் இலை என்பதைத் தலைமையாசிரியை மட்டும் குறித்து வைக்க வேண்டும். எனக்கும் தெரியக்கூடாதாம்.

"என் பைலையெல்லாம் தலையிலயா தூக்கி வெச்சுக்கறது?" என்றார் தலைமையாசிரியை. பிறகு அவரே அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தார். "இதான் கடைசி, சொல்லிட்டேன்."

பிப்ரவரி 13, வெள்ளி

நூல் கட்டியாயிற்று, எல்லாம் இறுக்கமான இரட்டை முடிச்சு. இரவு சாப்பாட்டை வாயில் வைத்துப் பார்த்தபிறகே உப்பு கம்மி என்றேன். உண்மையிலேயே கம்மி.

பிப்ரவரி 16, திங்கள்

இரும்பு அலமாரியின் நூல் அப்படியே இருந்தது. மர அலமாரியில் அழகாக, ரிப்பன் கட்டுவதுபோல, பட்டாம்பூச்சி முடிச்சு!

வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தபோது கூட்டிப் பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தார். முகத்திலேயே எல்லாம் தெரிந்தது.

"சனி, ஞாயிறு கூட்ட வருவேன்ல டீச்சர். உள்ள கெடக்குது, மூச்சு முட்டாதா அதுக்கு? பூ பூக்கிற உசுரு. வெயில்ல வெச்சுத் தண்ணி ஊத்துவேன். நீங்க கத்துவீங்கன்னு திங்கக்கிழமை காலைல உள்ள வெச்சிருவேன்."

எப்படிக் கோபப்படுவது? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தேர்வில் நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பிள்ளைகளும் தலையைத் தூக்கவில்லை. இரும்பு அலமாரி இலை பழுப்பு, மர அலமாரி இலை கருநீலம்: இருபத்தேழு விடைகள் தலைமையாசிரியையின் குறிப்போடு அப்படியே ஒத்துப்போயின. மிச்சம் ஒன்று இரட்டையரில் ஒருவனுடையது: "இலை கிழிந்து கழுவும் தொட்டியில் போய்விட்டது. நிறம் பார்க்க முடியவில்லை." அவனுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். தலைமையாசிரியை தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 3, செவ்வாய்

அலமாரியில் பிள்ளைகள் தாள் ஒட்டியிருக்கிறார்கள்: "செடி தூங்குகிறது, எழுப்ப வேண்டாம்." கூட்டும் அக்காதான் இப்போது காவல். யார் கதவுப் பக்கம் போனாலும் விரட்டுகிறார்.

நோட்ஸ் பேச்சே இல்லை. இன்று செய்முறை வகுப்புக்குத் தலைமையாசிரியையே வந்து, ஒரு வெளுத்த இலையை எட்டிப் பார்த்து, "என்ன கலர் வரும்?" என்று கேட்டார். பழக்கதோஷம், சொல்ல வாயைத் திறந்தேன். கேள்விக்குறி முந்திக்கொண்டாள்.

"இருங்க மேடம், இன்னும் ஊத்தவே இல்ல."