கழற்றக் கூடாத பட்டை

மார்ச் 4, செவ்வாய்

வேன் வந்தது. பதினேழு புத்தகங்கள். எங்கள் கவுண்டியில், இந்தக் குட்டி மாவட்டத்தில், மனிதர்களைவிட மாடுகள் அதிகம். நான் நடத்தும் நூலகத்தில் இருப்பது ஒன்பதாயிரம் புத்தகங்கள்தான். மற்றதெல்லாம் வெளியூர் நூலகங்களிலிருந்து இந்த வேனில் வருவது. வேனுக்கான பணம் வாஷிங்டனிலிருந்து, மத்திய அரசிடமிருந்து வருகிறது. அதை நிறுத்தப்போவதாகப் பேச்சு.

மாநில நூலகம் எழுதியிருக்கிறது: ஒவ்வொரு கவுண்டியும் ‘நிதியை நிறுத்தாதீர்கள்’ என்று தீர்மானம் போட்டால், எம்.பி.க்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுவார்களாம். கவுண்டியை நடத்தும் ஆணையர்கள் மூன்று பேர். இருபத்தைந்தாம் தேதி கூட்டத்தில் இரண்டு கைகள் உயர்ந்தால் போதும். தலைவி மார்லீன் உயர்த்துவாள். லைல் காற்றடிக்கும் பக்கம் சாய்கிற புல். வெர்ஜில் ஹாகன் — வேண்டாம், எழுதவே அலுப்பாக இருக்கிறது.

மார்ச் 6

தபால் நிலைய வாசலில் வெர்ஜில். நான் வாய் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“இங்க்ரிட், வாஷிங்டன் பணம் தூண்டில்ல மாட்டின புழு. ருசியாத்தான் இருக்கும், அப்புறம் முள்ளு தொண்டையில நிக்கும். வெளியூர் புஸ்தகம் யாருக்கும்மா வேணும்? இருக்கிறதை முதல்ல படிச்சு முடிங்க.”

சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் எரிகிறது.

மார்ச் 11

இன்று வெர்ஜில் நூலகத்துக்கே வந்தார். மத்திய அரசின் பணம் இல்லாமல் கவுண்டிகள் சொந்தக்காலில் நிற்பது எப்படி என்று ஒரு தடிப் புத்தகம் வேண்டுமாம். பெயரைச் சீட்டில் எழுதி நீட்டினார். “இருபத்தஞ்சாம் தேதி கூட்டத்துல இதுலேர்ந்து படிச்சுக் காட்டணும். அலமாரியில தேடி எடுத்து வையேன்.”

எங்கள் அலமாரியில் அது இல்லை. நெப்ராஸ்காவில் ஒரு கல்லூரியில் இருக்கிறது. எங்கிருந்து வரும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 12

ஒரு வாரம் தாமதித்தால்? ‘வேன் வரவில்லை’ என்றால் யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். கேட்டவருக்குக் கேட்டது கிடைக்க வேண்டும். அவ்வளவுதானே என் வேலை? நூலகம் திறந்ததுமே கோரிக்கையை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 18

வந்துவிட்டது. வெளியூர்ப் புத்தகங்களுக்குச் சுற்றும் ஆரஞ்சுக் காகிதப் பட்டையை நானே சுற்றினேன். மேலே பெரிய எழுத்தில் ‘இந்தப் பட்டையைக் கழற்ற வேண்டாம்’. கீழே பொடி எழுத்தில், அனுப்பிய ஊர்.

“அட, சீக்கிரமே தேடிட்டியே!” என்று வெர்ஜில் அதைக் கையில் எடைபார்த்தபடி போனார். என் கழுத்துக்கான கத்தியை நானே தீட்டிக் கொடுத்தாயிற்று. யார் என்ன படிக்கிறார்கள் என்று இருபத்திரண்டு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. இதையும் சொல்லக் கூடாது. நாக்கு அரிக்கிறது.

மார்ச் 20

டோரீன் கூட்டத்துக்கு வருகிறாளாம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்தொரு வயதில் செவிலியர் தேர்வுக்குப் படிக்கிறாள், எல்லாம் வேனில் வரும் புத்தகங்கள். “வேன் நின்னா என் படிப்பும் நின்னுது. நாப்பது பிசாசுங்களை அடக்கிக்கிட்டே வண்டி ஓட்டறவ நான். வெர்ஜில் எம்மாத்திரம்? அவன் என்கூடப் படிச்சவன்தான்.”

மார்ச் 24

பேச்சை ஆறு முறை எழுதி, ஆறு முறை கிழித்தேன்.

மார்ச் 25

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பேச ஆளுக்கு மூன்று நிமிடம். மார்லீன் கோழி வடிவச் சமையல் கடிகாரத்தைத் திருகி வைத்தாள். நான் உளறினேன் — கோழி கூவும் முன்பே உட்கார்ந்துவிட்டேன். பிறகு வெர்ஜில் எழுந்து, புத்தகத்தை விரித்து, கணீரென்று ஒரு பக்கம் படித்தார். லைல் தலையாட்ட ஆரம்பித்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

முன்வரிசையில் டோரீன். “வெர்ஜிலு, நில்லு. அட்டையில என்ன அது, ஆரஞ்சுக் கலர்ல?”

“நூலகத்துப் பட்டை. என்ன இப்போ?”

“அது வேன்ல வர்ற புஸ்தகத்துக்கு மட்டுந்தான் போடுவாங்க. எனக்கு வாராவாரம் வருது. அடியில ஊர் பேரு இருக்கும், படி.”

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டினார். “நெப்... நெப்ராஸ்கா.”

என்னைப் பார்த்தார். “இங்க்ரிட், இது எனக்கு வாஷிங்டன் பணத்துலயா வந்துச்சு?”

கேட்பவர் அவர், புத்தகமும் அவர் எடுத்தது. சொல்லலாம். “ஆமா வெர்ஜில்.”

லைல்தான் முதலில் வெடித்தார். “யோவ், பட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டு வந்திருக்கக் கூடாதா?”

“கழற்றாதேன்னு எழுதியிருக்கேய்யா!”

கூடமே குலுங்கியது. கோழியும் சேர்ந்து கூவியது. மார்லீன் மேசையைத் தட்டி வாக்கெடுப்புக்கு விட்டாள். அவள் கை. லைல் கை. பிறகு, காது மடல்வரை சிவந்து, வெர்ஜில் கை! “புழுவைத் தின்னுட்டேன். இனிமே தின்னலைன்னு சொல்ல எனக்கு வராது.”

மூன்றுக்கு மூன்று. ஐயோ, மூன்றுக்கு மூன்று!

ஜூலை 8, செவ்வாய்

இந்த ஆண்டுக்கான பணம் வந்துவிட்டது. டோரீன் தேர்ச்சி, பேருந்து ஹாரனை அழுத்திக்கொண்டே ஊரை மூன்று சுற்று வந்தாளாம்.

மதியம் வெர்ஜில் வந்தார். “அதே ஆளு இன்னொண்ணு எழுதியிருக்கானாம். அதைவிடக் காட்டமா. வரவழைச்சுக் குடு.”

“எந்த ஊர்லேர்ந்து வருதுன்னு இப்பவே சொல்லிடவா?”

“வேணாம். பட்டையில படிச்சுக்கறேன்.”