பெயின்ட் அடிக்காத அறை

என்னங்க,

இன்று காலை என் தம்பி ஒரு பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றான். மூடியை லேசாகத் திறந்ததுமே வாசனை கூடம் முழுக்கப் பரவியது. "அக்கா, நாளைக்கு பாப்பா டிஸ்சார்ஜ் ஆயி வர்றா. ரூமு பளிச்சுனு இருந்தா சந்தோஷப்படுவால்ல?" என்றான். நான் டப்பாவை வாங்கி மூடி, மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அவன் முகம் வாடிவிட்டது. காரணம் சொல்ல வேண்டுமென்றால் உங்களைப் பற்றித்தானே சொல்ல வேண்டும்.

நம் மகளுக்கு மூன்று வயதில் முதல் முறையாக வீசிங் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நீங்கள் லீவு போட்டீர்கள். லீவு போட்ட ஆளை ஆஸ்பத்திரிப் பக்கமே காணோமே என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் வந்து வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவள் ஆசைப்பட்ட ரோஜா நிறத்தை அறையின் நாலு சுவரிலும் அடித்து வைத்திருந்தீர்கள். வாசலைத் தாண்டுவதற்குள் பிள்ளை இருமத் தொடங்கினாள். முழங்கையில் பெயின்டோடு நீங்கள் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவளைத் தூக்கிக்கொண்டு அதே ஆட்டோவில் ஏறினீர்கள். வாசனை போகும்வரை கூடுவாஞ்சேரியில் உங்கள் தங்கை வீட்டில் தங்கினோம். அங்கே சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாசம் மட்டும் இருந்தா பத்தாது, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் ஒரேயடியாக மாறிவிட்டீர்கள். திரைச்சீலை, பஞ்சு மெத்தை, கொசுவத்தி எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. ஜெபத்துக்கு வரும் சபையாரிடம்கூட, தலையில் பூ இருந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவீர்கள். சென்ட் போட்டு வந்த பாஸ்டரைத் திண்டாட வைத்ததும் நீங்கள்தான்.

போன மழைக்காலத்தில், தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது உங்களுக்கு நெஞ்சு வலித்தது. அதோடு போய்விட்டீர்கள். அதன் பிறகு பிள்ளைக்கு வீசிங் இவ்வளவு மோசமாக வந்தது இதுதான் முதல் முறை.

கதையைக் கேட்ட தம்பி, தானே ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். மின்விசிறி, ஜன்னல் கம்பி, கட்டிலுக்கு அடியில் என்று எல்லா இடத்தையும் ஈரத்துணியால் துடைத்தோம். போர்வைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டேன். வீடு தயாராகிவிட்டது. ஆனால் வரவேண்டியவள் வரமாட்டேன் என்றாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்கயே இருந்துடலாம்மா. இங்க கூப்ட்டா நர்ஸ் அக்கா வருவாங்க. வீட்ல அப்பா இல்லல்ல?"

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. மூச்சிரைக்கும்போதெல்லாம் நீங்கள்தான் அவளோடு உள்ளே இருப்பீர்கள். நான் பதறினால் அவளும் பதறுவாள் என்று என்னை அடுப்படிக்கு அனுப்பிவிடுவீர்கள். அந்த அறைக்குள் நீங்கள் என்னதான் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது.

"அப்பா என்ன பண்ணுவாரு, சொல்லு" என்று கேட்டேன்.

"பின்னாடி உக்காந்துப்பாரு. நான் அவர் தொப்பையில சாஞ்சுப்பேன். அவரு மெதுவா மூச்சு விடுவாரு. நானும் அதே மாதிரி விடணும். அவ்ளோதான்."

கட்டிலில் ஏறி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சாய்ந்துகொண்டாள். அழுகையை அடக்கியதில் என் மூச்சு தாறுமாறாக வந்தது.

"இல்லம்மா. அப்பா இவ்ளோ ஸ்பீடா விடமாட்டாரு."

குறைத்தேன்.

"இன்னும் மெதுவா."

இன்னும் குறைத்தேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் பாரம் முழுவதும் என் மேல் வந்தது. பிறகு, "நாளைக்கு எத்தன மணிக்கும்மா வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்டாள்.

நீங்கள் எவ்வளவு மெதுவாக மூச்சு விடுவீர்கள் என்று இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அதை அவளிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன்.