வானத்தின் டிஸ்ப்ளேயில் கரும்புள்ளி

மார்ச் 4
இன்று ஏழு கைப்பேசிகளுக்கு டிஸ்ப்ளே மாற்றினேன். ஏழாவது, பாத்திரம் கழுவும் தொட்டியில் மூழ்கி மோட்சம் அடைந்தது. அதையும் எழுப்பி உட்காரவைத்தேன். எமன் என் கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறான்.

மாலையில் அக்கா மகள் வந்தாள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறவள். என் டீயைக் குடித்துக்கொண்டே பிரபஞ்சத்தைக் கவிழ்த்தாள்.

“மாமா, இந்த உலகமே யாரோ ஓட்டுற கம்ப்யூட்டர் ப்ரோக்ராமா இருக்கலாம். நீங்க, நான், இந்த டீ, எல்லாமே.”

“உங்கம்மாவுமா?”

“ஆமா.”

“அதான் அம்பது வருஷமா அப்டேட்டே ஆகல.”

“சிரிங்க. இல்லைன்னு நிரூபிக்க முடியாது. ஆமான்னு நிரூபிக்கணும்னா எங்கயாவது ஒரு கோளாறு கண்ணுல படணும்.”

பட்டால் என் கண்ணில்தான் படும். வேறு யார் கண்ணுக்கு அந்தத் தகுதி?

மார்ச் 5
பட்டுவிட்டது!

மாடியில் துணி காயப்போடும்போது வானத்தில் மூன்று கரும்புள்ளிகள். கொசுவென்று கைதட்டினேன். சாகவில்லை. இருபத்திரண்டு வருடம் செத்த பிக்சல்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். எனக்குத் தெரியாதா? வானத்தின் டிஸ்ப்ளே போய்க்கொண்டிருக்கிறது.

மார்ச் 6
ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. மேகம் ஒரு துண்டுகூட இல்லை. திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட் துடிக்கிறது, வேறென்ன. பிரபஞ்ச நிர்வாகத்துக்குப் புகார் மனு எழுதினேன்:

“ஐயா (அல்லது அம்மா, அல்லது எட்டுக் கால் உள்ள எதுவானாலும்), தங்கள் வானத்தில் மூன்று பிக்சல் செத்துவிட்டன. எங்களுக்கு வாரண்டி அட்டை தரப்படவில்லை. ஆள் அனுப்பினால், கையோடு என் முழங்காலையும் என் அத்தானின் குணத்தையும் பார்க்கச் சொல்லவும்.”

மார்ச் 7
மனைவியிடம் மனுவை வாசித்துக் காட்டினேன். கடை முன்மேசையில் ரசீது எழுதுகிறவள் அவள்தான். நிமிரக்கூட இல்லை.

“உலகம் ப்ரோக்ராம்னா, நேத்து நீங்க கழுவாம விட்ட தட்டு?”

“அதுவும் ப்ரோக்ராம்தான்.”

“அப்ப எழுதுனவனை வந்து கழுவச் சொல்லுங்க.”

மார்ச் 8
புள்ளிகள் நூறாகிவிட்டன. கரித்தூளைத் தூவிவிட்ட மாதிரி. இடது ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை வேறு இறங்குகிறது. உலகம் ஷட்டவுன் ஆகிறது என்று அக்கா மகளுக்கு போன் போட்டு அறிவித்தேன்.

“மாமா, டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?”

“வானத்துக்கு எந்த டாக்டர்டி சொட்டு மருந்து விடுவாரு?”

அவள் சிரிக்கவில்லை.

மத்தியானம் ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தது. கடுகில் பாதி. தேடினேன் தேடினேன், கிடைக்கவேயில்லை. உலகம் கெட்டுப்போனா எல்லாருக்கும் சேர்த்துக் கெடும். என் கண்ணு கெட்டா எனக்கு மட்டும்தானே? அப்புறம் எந்த வேலைக்குப் போவேன்? — சீ, வானம்தான். வானமேதான்.

மார்ச் 9
காலையில் ஒரு பெண் திரையில் கறுப்புப் புள்ளியோடு ஒரு கைப்பேசியைக் கொண்டுவந்தார். வழக்கமான உபதேசத்தைச் செய்தேன்: “ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேற போன்ல பாருங்கம்மா. அங்கயும் புள்ளி இருந்தா படத்துல கோளாறு. இல்லைன்னா உங்க டிஸ்ப்ளேயில கோளாறு.”

அவர் போனதும் மனைவி பேனாவைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, அந்த டெஸ்ட்டை வானத்துக்குப் பண்ணீங்களா?”

“வானத்தை எப்படிடி ஸ்க்ரீன்ஷாட் எடுக்கறது?”

“உங்ககிட்டதான் ரெண்டு டிஸ்ப்ளே இருக்கே. ஒண்ணை மூடுங்க.”

வாசலுக்கு வந்து இடது கண்ணை மூடினேன். வானம் கழுவித் துடைத்து வைத்ததுபோல இருந்தது. வலது கண்ணை மூடினேன். கரி. திரை. பாதி உலகம் இல்ல.

பிரபஞ்சத்துக்கு ஒண்ணுமே இல்ல. எனக்குத்தான்.

ஷட்டரை இழுத்ததும் அவள்தான், வண்டி பிடித்ததும் அவள்தான்.

மார்ச் 11
நான் சொல்லச் சொல்ல மனைவி எழுதுகிறாள். இடது கண்ணில் விழித்திரை கிழிந்து உரிந்துகொண்டு வந்ததாம். “நடுப்பகுதி தப்பிச்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்” என்றார் டாக்டர். நேற்று ஒட்டிவிட்டார்கள். நானும் ஒட்டுகிறவன்தான், பசை காயும்வரை கிளிப் போட்டு அழுத்தி வைப்பேன். இவர்கள் கண்ணுக்குள் வாயுக் குமிழியை அடைத்து, அது அழுத்துவதற்காக என்னையே குப்புறப் போட்டிருக்கிறார்கள். ஒரு வாரமாம். சக்கரவர்த்தி தரையைப் பார்த்தபடி அரசாள்கிறார்.

(அவர் சொல்லாதது: வண்டியில் என் கையை விடவேயில்லை.)

மார்ச் 19
அக்கா மகள் வந்தாள்.

“மாமா, அந்தத் தியரி தப்புன்னு இன்னும் யாரும் நிரூபிக்கல.”

“இருக்கட்டும். மனுவுல முதல் புகார் மட்டும் வாபஸ். முழங்காலும் உங்கப்பாவும் அப்படியே நிலுவையில இருக்கு.”

மே 2
குமிழி கரைந்துவிட்டது. கடை திறந்தேன். முதல் ஆள், திரையில் புள்ளி என்று நீட்டினார்.

“ஸ்க்ரீன்ஷாட் எடுக்கணுமா?”

“அது அப்புறம். முதல்ல ஒரு கண்ணை மூடிப் பாருங்க.”

பைத்தியமா என்பதுபோல் பார்த்தார். முன்மேசையில் சிரிப்புச் சத்தம்.

மதியம் ஆள் இல்லாத நேரத்தில் மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். மார்ச் 8-இல் விழுந்த ஸ்க்ரூ, மேசைக்கால் ஓரத்தில் கிடந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டுதான் தேடினேன்.