ஃபாத்திமா வீட்டு வாசல் வரை

இராயபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஜூடி அப்பாவுக்கு,

பிலோமி எழுதுகிறேன். மாதா இரக்கத்தில் நானும் குழந்தையும் சுகமாக இருக்கிறோம். கடல் மேல் இருக்கும் உங்களுக்கும் கூட வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறோம்.

வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் கூப்பிடும்போது ஜூடி என் மடியில் இருக்கிறாள். அவள் இல்லாத நேரம் பார்த்து நான் கூப்பிட்டால் உங்கள் பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த விஷயத்தை அவள் காதுபட என்னால் சொல்ல முடியாது. அவர்கள் காதுபட உங்களால் கேட்கவும் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. ஜூடி நடக்கிறாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள், காலில் பட்டை கட்டியிருக்கிறது, திரும்பும் இடத்தில் இன்னும் தடுமாறுகிறாள். ஆனாலும் நடக்கிறாள். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், நீங்களும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். அவள் எதற்காக நடந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததால் சொல்லாமல் வைத்திருந்தேன்.

வீட்டில் வேறு விசேஷம் இல்லை. மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மறுபடியும் ரிப்பேர். குடத்தில்தான் தூக்குகிறோம். உங்கள் தங்கை சுஜா போன ஞாயிறு பூசைக்கு வந்தபோது குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

விம்கோ நகர் சிகிச்சையைப் பற்றி உங்களுக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் போய்க் காலை நீட்டி மடக்கிவிட்டு வருவது மாதிரி இல்லை இது. காலையில் போனால் மத்தியானம் தாண்டும்வரை விடமாட்டார்கள். உடம்போடு இறுகப் பிடிக்கிற ஒரு சட்டையைப் போட்டு, அதிலிருந்து ரப்பர் வார்களை இடுப்புக்கும் முட்டிக்கும் இழுத்துக் கட்டுவார்கள். அதோடு நிற்க வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும், படி ஏற வேண்டும். இவள் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள் இல்லையா, கால் தசை எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். நிற்க வைத்தால் இரண்டு காலும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். அதைப் பிரித்து இழுக்கும்போது ஆரம்பத்தில் அவள் போட்ட சத்தத்தைக் கேட்க முடியாமல் நான் வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அங்கே பிசியோ செய்கிற பெண்ணின் பெயர் மகிழினி. வியாசர்பாடிப் பெண். முதல் நாளே ஒவ்வொரு குழந்தையிடமும், நடக்க வந்ததும் முதலில் எங்கே போவாய் என்று கேட்டாள். ஒரு பையன் கடற்கரைக்கு என்றான். ஒரு பெண் ஸ்கூலுக்கு என்றாள். நம் ஜூடி, "ஃபாத்திமா ஆன்ட்டி வூட்டுக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். "அங்க உனுக்கு தோஸ்து யார்னா கீறாங்களா?" என்று மகிழினி கேட்டாள்.

ஃபாத்திமா வீடு எவ்வளவு தூரம் என்று மகிழினி என்னிடம் கேட்டாள். அதே மாடிதான், வராண்டாவில் கடைசி வீடு என்றேன். அவள் அங்கே தரையில் அவ்வளவு நீளத்துக்கு டேப் ஒட்டி, முடிகிற இடத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கதவு வரைந்துவிட்டாள். அன்றிலிருந்து ஜூடிக்கு அந்தக் கதவுதான் குறி. கொஞ்ச நாளில் அழுவதை நிறுத்திவிட்டாள். வலித்தால் துண்டைக் கடித்துக்கொள்வாள். "இன்னா பிடிவாதங்க்கா இவளுக்கு! இந்த மாரி ஒரு புள்ளைய நான் பாத்ததே இல்ல" என்று மகிழினி என்னிடம் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. உங்களிடம் போனில் சொன்னேன், ஞாபகம் இருக்கும். "எம் பொண்ணாச்சே" என்றீர்கள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னீர்கள். கேபினில் யாராவது இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை அவளை நம் வராண்டாவில் நிறுத்தினேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். யாரும் பிடிக்கக்கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். பாதி வழியில் வாக்கர் ஒரு பக்கமாக இழுத்தது. நின்றாள், மூச்சு வாங்கினாள், மறுபடி போனாள். ஃபாத்திமா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஒரு கையை விட்டுத் தட்டினாள். ஃபாத்திமா மாவுக் கையோடு கதவைத் திறந்து, "யம்மாடி! நடந்தா வந்தே? உள்ள வா கண்ணு, இன்னா வோணும் சொல்லு, செஞ்சு தரேன்" என்றாள்.

ஜூடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒண்ணும் வாணாம் ஆன்ட்டி. சும்மா வந்து பாத்தேன். இனிமே எங்க வூட்டுக்கு சார் யார்னா வந்தா நானே வந்துடுவேன். அம்மா தூக்கினு வர வாணாம். கதவ மட்டும் தொறந்து வெக்கிறீங்களா? தட்டும்போது வாக்கர் நவுருது."

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஃபாத்திமாவுக்கு விளங்கியது. என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, மாவுக் கையோடு குழந்தையைக் கட்டிக்கொண்டாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்களுக்கும் இப்போது விளங்கியிருக்கும். பொங்கல் முடிந்து நீங்கள் கப்பல் ஏறும் முன், உங்கள் கம்பெனி அதிகாரியும் அவர் மனைவியும் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். பதவி உயர்வு விஷயமாக நீங்கள்தான் அழைத்திருந்தீர்கள். ஜூடி பாயில் கால் பட்டையோடு உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். இது யார் என்று அந்த அம்மா கேட்டார்கள். "பக்கத்து வூட்டுக் கொயந்தங்க. எப்பவும் இங்கதான் கெடக்கும்" என்றீர்கள். நான் ஜூஸ் தட்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் எல்லாம் நான் செய்தது. தட்டை வைத்துவிட்டு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நிஜமாகவே பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கொண்டுபோய் விடுகிறவள் மாதிரி ஃபாத்திமா வீட்டில் விட்டேன். போகிற வழியில், "சார் போற வரைக்கும் சத்தம் போடாத கண்ணு, அப்பா வேல விஷயம்" என்று அவள் காதில் சொன்னேன். நீங்கள் அதைக்கூடச் சொல்லச் சொல்லவில்லை. அவர்கள் போனதும் அழைத்து வந்தேன். மிச்சமிருந்த கறிக்குழம்பில் சோறு பிசைந்து ஊட்டினேன். ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாள். சின்னக் குழந்தை, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சனிக்கிழமை வீட்டுக்குள் வந்ததும், யார் உன்னை அப்படிப் போகச் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லல. என்னைப் பாத்தா அப்பாவுக்கு வேல போய்டும்ல?" என்றாள். அப்படியெல்லாம் இல்லைடி என்றேன். அவள் என் கன்னத்தைத் தடவி, "சரிம்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாள். என் பேச்சை அவள் எப்படி நம்புவாள்? அன்றைக்கு அவளைத் தூக்கிப் போனது நான்தானே.

நேற்று மகிழினி ஆசையாகக் கேட்டாள், ஃபாத்திமா வீட்டுக்குப் போயாச்சு, அடுத்து எங்கே என்று. "அங்கதான், இன்னும் வேகமா" என்றாள் ஜூடி. நான் முகம் கழுவப் போய்விட்டேன். அந்தப் பெண் பாவம், ஒன்றும் தெரியாமல் என் குழந்தையை இப்படி உழைத்து உழைத்துத் தேற்றியிருக்கிறாள். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்று. உங்கள் கப்பலில் புதிதாகச் சேரப் போகிற ஜார்ஜ், நீங்கள் சொன்னபடி போன் செய்தார். நாளைக் காலையில் வந்து பார்சலை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இறால் ஊறுகாயும், சளிக்கு மிளகுப் பொடியும், உங்கள் நீலக் கம்பளிச் சட்டையும் வைத்திருக்கிறேன். வீட்டில் யார் இருப்பீர்கள் என்று கேட்டார். நானும் எங்கள் பெண்ணும் இருப்போம் என்றேன். "அண்ணனுக்குப் பொண்ணு கீதுங்களா அண்ணி? சொன்னதே இல்லியே" என்றார். நேரில் வந்து பாருங்கள் தம்பி என்று மட்டும் சொன்னேன். அவரிடம் நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று உங்களை நான் கேட்கவில்லை.

யாரோ வருகிறார்கள் என்று தெரிந்ததுமே ஜூடி வாக்கரை வாசல் பக்கம் நகர்த்தி வைக்கச் சொன்னாள். நீ எங்கேயும் போக வேண்டாம், பார்சலை நீதான் மாமாவிடம் கொடுக்கப் போகிறாய் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா திட்ட மாட்டாரா?" என்று கேட்டாள். மாட்டார் என்று உங்களைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

இந்தக் கடிதமும் அவள் கையால்தான் ஜார்ஜிடம் போகும். ஒரு கையை விட்டு நீட்ட அவளுக்கு நேரம் பிடிக்கும். ஜார்ஜ் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும், காத்திருக்கட்டும். அங்கே வந்து இதை உங்களிடம் கொடுக்கும்போது, உங்கள் பெண் கொடுத்தது என்று அவர் சொல்லுவார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே சொன்னாலும் சொல்லுவார். பெரிய சார் யாராவது கூட இருக்கலாம்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அப்போது பக்கத்தில் யார் இருந்தாலும், ஆமாம், என் பெண்தான் என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

மாதா உங்களுக்குத் துணை இருப்பாள்.

இப்படிக்கு,
ஜூடியின் அம்மா,
பிலோமி