குரோம் தொட்டி

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டில் பணியாரத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சினார்கள். அந்த மணத்துக்கு எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு மூக்கு எரிந்தது. எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

சேலத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் உனக்கு முதலில் கிடைத்தது நாய்ப்பீ பொறுக்கும் வேலை. விடியலில் தெருத்தெருவாகப் பொறுக்கி வந்து வெந்நீரில் கரைப்பாய். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோல் அதில் ஊறினால்தான் மெத்தென்று ஆகும். சீயக்காய் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் உன்மேலிருந்து அந்த வாடை போகவில்லை. ஆத்தூரிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்த அம்மாள் உன் காதில் விழும்படியே, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. இந்த வாடையோட எப்படிச் சோறு பரிமாறும்?" என்றாள்.

பிறகு சீமையிலிருந்து டின்னில் ஒரு பொடி வந்தது. மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த நொதி என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். கூடை கூடையாக நாய்ப்பீ செய்ததை அது ஒரு கைப்பிடியில் செய்தது. அன்று உன் கூடையை நீயே அடுப்பில் போட்டு எரித்தாய்.

யுத்தம் வந்ததும் பட்டாளத்து பூட்ஸுக்குக் குரோம் உப்பில் பதனிட்ட தோல் கேட்டார்கள். உன்னைக் குரோம் தொட்டிக்கு மாற்றினார்கள். ஆரஞ்சு நிற மருந்துத் தண்ணீரில் வெல்லத்தைப் போடப் போட, அது பொங்கி நுரைத்துப் பச்சையாகும். ஆவி நேரே முகத்தில் அடிக்கும். ஆனாலும் வாடை போயிற்றே என்று உனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆத்தூர்க்காரர்கள் மறுபடி வந்து பரிசத்துக்கு நாள் குறித்தார்கள்.

அதற்குள் உன் விரல் முட்டிகளில் வட்டமாகப் பள்ளம் விழுந்தது. "வலிக்கல சாமி, பார்க்கத்தான் அசிங்கம்" என்பாய். மூக்கிலிருந்து அடிக்கடி ரத்தம் வரும்.

பரிசத்தன்று அந்த அம்மாள் மூக்குத்தி போட உன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்திருந்தது. உன் கையையும் விரித்துப் பார்த்தாள். பிறகு தன் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "குஷ்டம்" என்றாள். மூக்குத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா உன் விரலில் ஊசியால் குத்தினார். நீ துடித்தாய். உணர்ச்சி இருக்கிறது, இது குஷ்டமில்லை, குரோம் அரித்த புண் என்றார். அதைச் சொல்ல நீ ஷாப்புக்குப் போனாய், நானும் கூட வந்தேன். அதற்குள் அந்தப் பேச்சு அங்கேயும் எட்டியிருந்தது. மேஸ்திரி வாசலிலேயே மறித்து, குஷ்டக்காரியை உள்ளே விட்டால் மற்றவர்கள் வேலைக்கு வரமாட்டார்கள் என்றார். நீ அவரைப் பார்க்கவே இல்லை. தொட்டியடியில் நின்ற பெண்களைப் பார்த்தாய்.

"உங்க கையைக் காட்டுங்க. எனக்கு அது போதும்."

எல்லோருடைய கையிலும் அதே பள்ளங்கள் இருந்தன. ஒவ்வொருத்தியாகக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மேஸ்திரி சிரித்தார். அவர் கையும் சட்டைப்பைக்குள்தான் இருந்தது.

அதன்பின் தெருக்கிணற்றில் உன்னைத் தண்ணீர் சேந்த விடவில்லை. அப்பா உன் தட்டைத் தனியாக வைத்தார். ஒருநாள் நீயாகவே நடந்து குஷ்டரோகிகள் இல்லத்துக்குப் போய்ச் சமையலில் சேர்ந்துகொண்டாய். பார்க்க வந்த என்னிடம், "இங்க யாரும் என் கையைப் பார்க்கறதில்ல" என்றாய். காய்ச்சலில் நீ போன செய்தி, உன்னைப் புதைத்த பிறகுதான் எங்களுக்கு வந்தது.

நீ வீட்டை விட்டுப் போன மறுவாரமே உன் இடத்துக்கு என்னை எடுத்தார்கள். அப்பாதான் கொண்டுபோய் விட்டார்.

என் நடுவிரலில் இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அதைத்தான் முதலில் நீட்டினேன். எழுந்து போனவர்கள் உண்டு. கடைசியில் ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். அவரும் இப்போது இல்லை. இது என்ன தழும்பு என்று யார் கேட்டாலும், உனக்குக் குஷ்டம் இல்லை என்பதில்தான் இன்றைக்கும் பேச்சைத் தொடங்குகிறேன்.