ஆள் குறைந்த ஆஸ்பத்திரியின் கணக்கு

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

இங்கே எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தில் ஒரு கூத்து. அரசு ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கு விலை கிடையாது. அதனால் அதற்கு ஆகும் செலவையே நாட்டின் உற்பத்திக் கணக்கில் சேர்ப்போம். இந்த வருடம் காலியிடங்களை நிரப்பவில்லை, சம்பளச் செலவு இறங்கியது. உடனே அட்டவணை, வைத்தியமே குறைந்துவிட்டது என்றது.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். “ஆளுதான் சார் குறைஞ்சிருக்கு, நோயாளி குறையல. இருக்கிறவங்க ரெண்டு பேர் வேலையைப் பார்க்கிறாங்க.”

“உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார் தலைவர்.

“எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி நர்ஸ் சார். சாப்பிட உட்கார்ந்தா தட்டு முன்னாடியே தூங்கிடுவார்.”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ செலவை விடுங்க. வைத்தியத்தை எண்ணிப் பாருங்க” என்றார்.

பிரசவம், ஆபரேஷன், காய்ச்சல் என்று வகைவாரியாக எண்ணினோம். வைத்தியம் கூடியிருந்தது! அந்த எண்தான் நேற்று வெளியானது. உங்கள் உழைப்பும் அதில் இருக்கிறது, தெரியுமா?

அடுத்து பள்ளிக்கூடங்களின் கணக்கையும் தலைவர் என்னிடமே கொடுத்திருக்கிறார். கூப்பிடுகிறார், ஓட வேண்டும்.

பார்சல் அனுப்பும்போது உங்கள் பழைய சட்டை ஒன்றை வையுங்கள். துவைக்க வேண்டாம். குளிருக்காகக் கேட்கவில்லை.

உங்கள் மனைவி